கடலோரத்தில் இருந்த கபாலீசுவரர்!

மயிலாப்பூருக்குப் போகிறவர்கள் ராஜகோபுரத்தைப் பார்க்கிறார்கள். கும்பிடுகிறார்கள். திரும்பி விடுகிறார்கள்.

ஆனால், பழைய கபாலீசுவரர் கோவில் இருந்த இடம் இது அல்ல! அது கடற்கரையில் இருந்தது. 16-ம் நூற்றாண்டில், போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தது. மக்கள் சோர்ந்து விடவில்லை. மேற்கே தள்ளி, மீண்டும் கட்டினார்கள். சாந்தோம் பகுதியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் இதற்குச் சாட்சி.

கோவிலுக்குள் புன்னை மரம் இருக்கிறது. அம்மன் மயில் உருவில் சிவனைப் பூசித்த சந்நிதி அங்கேதான். ஊருக்குப் பெயர் வந்த கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கலாம். நவராத்திரி வந்தால், வடக்கு மாட வீதி முழுவதும் கொலு பொம்மைதான். சொன்ன விலைக்கு வாங்கி விடாதீர்கள்! பங்குனியில் அறுபத்து மூவர் விழா. கூட்டத்தில் குழந்தையின் கையை விடக்கூடாது.

மாலையில் கிழக்கே நடந்தால், கடல். பழைய கோவில் நின்றது அந்தப் பக்கம்தான்.