கூலியும் வேண்டும், ஏரியும் நிறைய வேண்டும்!

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பலர். பக்கத்தில் இருக்கும் தொண்டூரைப் பார்ப்பவர்கள் சிலரே. அங்கே பாறையில் செதுக்கிய பழைய சமணச் சிற்பங்கள் உண்டு.

செஞ்சி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் நெல் விளையும்; மல்லாட்டை விளையும்.

அறுவடை முடிந்து விட்டால்?

நிலம் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. கூலி இல்லாத வீட்டில் அடுப்பில் பூனை தூங்கும்!

ஆனால், அதே கோடையில் ஊரில் வேலை காத்துக் கிடக்கிறது. ஏரியில் வண்டல் மண்டுகிறது. வாய்க்காலில் புதர் அடைக்கிறது. சும்மா இருக்கும் கைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்து, சர்க்கார் கூலி தந்தால் என்ன?

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

இது புதிய யோசனை அல்ல.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. "தாது வருஷப் பஞ்சம்" என்று பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான். பல லட்சம் பேர் மடிந்தார்கள்.

அப்போது, சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்க ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. நீளம் சுமார் 5 மைல். வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அது. அன்றைய கவர்னரின் பெயரே கால்வாயின் பெயர் ஆயிற்று.

கால்வாய் கிடைத்தது. வெட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஒரு பவுண்டு தானியம்!

1877-ல், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவருக்கு நாள் கூலி, ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும் ஓர் அணாவும்தான். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு! பெண்களுக்கு இன்னும் குறைவு.

சென்னை சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் சுமக்கிற உடம்புக்கு ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். அதே ஆண்டில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால், அவர் கேட்ட அளவு கிடைக்கவில்லை.

நூறு நாள் வேலை

சுதந்திர இந்தியாவில் நிலைமை மாறியது. 2005-ல் வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 2-ந் தேதி, 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் சேர்ந்த 6 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. செஞ்சியும் தொண்டூரும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை.

கிராமக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. காண்டிராக்டருக்கு இடம் இல்லை. கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால், வேலையில்லாப் படி தர வேண்டும். பஞ்ச காலத்தில் தர்மமாக இருந்தது, இப்போது உரிமை ஆயிற்று!

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். பெண்ணின் கைக்கு வந்த காசு பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஆயிற்று. வீட்டுக்கு அரிசியும் ஆயிற்று.

குறைகளும் உண்டு. கூலி தாமதமாக வந்தது. நடவு நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் வருந்தினார்கள்.

2025 டிசம்பரில், பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாராளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. அதில் வேலை 125 நாள். விவசாய வேலை மும்முரமான காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் ஏற்க வேண்டும்.

சட்டம் எதுவானாலும் ஏழையின் கேள்வி இரண்டுதான். "கூலி வயிற்றுக்குப் போதுமா? நாள் தவறாமல் வருமா?"

ஊரார் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. "அடுத்த மழையில் நம் ஏரியில் தண்ணீர் நிற்குமா?"

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், வெட்டிய மண் வீண் போகாது!