நீலச் சாயம் இல்லாத நீலக் குருவி

மாணவர்களே, தாமான் நெகாரா போன்ற தாழ்நிலக் காடுகளில் நடக்கும்போது சற்று அண்ணாந்து பாருங்கள். கொடிகளுக்கு இடையே நீலமாக ஏதோ ஒன்று துள்ளி மறைந்தால், அது கரும்பிடரி நீல ஈப்பிடிப்பானாக இருக்கலாம். வாலையும் சேர்த்து அளந்தால் சுமார் 16 சென்டிமீட்டர். ஆணின் பிடரியில் மை தொட்டு வைத்ததுபோல ஒரு கரும்பொட்டு. தொண்டைக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு. பெண்ணுக்குத் தலை மட்டும் நீலம், முதுகு மங்கிய பழுப்பு. இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை இது வாழ்கிறது. வேடிக்கை என்னவென்றால், இலங்கையில் உள்ள ஆண் பறவைக்குப் பிடரிப் பொட்டே கிடையாது!

இப்போது ஒரு கேள்வி. இதன் இறகை உரலில் இட்டு இடித்தால் என்ன நிறத்தில் தூள் கிடைக்கும்? மஞ்சளை இடித்தால் மஞ்சள் தூள் வருகிறதே, அதுபோல நீலத் தூள்தானே?

இல்லை. கிடைப்பது கரும்பழுப்புத் தூள்தான். நம் வீட்டருகே கூவும் மாங்குயிலின் மஞ்சளுக்கும் காகத்தின் கறுப்புக்கும் நிறமிகள் உண்டு. ஆனால் எந்தப் பறவையின் இறகிலும் நீல நிறமி இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படியானால் நாம் பார்க்கும் நீலம் எங்கிருந்து வருகிறது?

வானம் நீலமாக இருக்கும் அதே காரணம்தான் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இறகுக்குள் உள்ள நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன என்பது அந்த விளக்கம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 1998இல் ரிச்சர்ட் பிரம் என்ற பறவையியலாளரும் அவருடைய குழுவினரும் தென் அமெரிக்க நீலப் பறவை ஒன்றின் இறகை மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் ஆராய்ந்தார்கள். வானத்து விளக்கம் பொருந்த வேண்டுமானால் குமிழ்கள் ஒழுங்கில்லாமல் இறைந்து கிடக்க வேண்டும். அவையோ ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இருந்தன.

அந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை 5,000 துண்டுகளாக்கினால் வரும் ஒரு துண்டு அளவு! அவ்வளவு சிறிய இடைவெளியில் சிதறும் ஒளி அலைகளில், நீல அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுகின்றன. மற்ற நிறங்கள் உள்ளே போய், அடியில் உள்ள மெலனின் என்ற கருநிறமியில் அடங்கிவிடுகின்றன. இறகை இடிக்கும்போது குமிழ்கள் சிதைகின்றன, நீலமும் போய்விடுகிறது.

இந்த நுண்ணிய அமைப்பைக் கட்டுவது யார்? யாருமில்லை. குளிர்பானப் புட்டியைத் திறந்ததும் நுரை தானாகப் பொங்குகிறது அல்லவா? வளரும் இறகின் செல்லுக்குள் கெராட்டின் என்ற புரதம் நீரிலிருந்து அதுபோலத் தானாகவே பிரிகிறது. பிறகு செல் இறந்து காய்கிறது. நீர் இருந்த இடத்தில் காற்று நிற்கிறது. 2009இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது. என்னைக் கேட்டால், பறவையின் நீலத்தைவிட இதுதான் பெரிய அதிசயம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காட்டுப் பறவையைத் தேடிப் போக வேண்டாம். ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நாம் வளர்க்கிறோமே, அந்தச் சிறு கிளிகளில் நீல நிறத்தது உதிர்த்த இறகு ஒன்று போதும். அதன் மீது வெளிச்சம் விழும்போது பாருங்கள்: நீலம். பிறகு கைப்பேசி விளக்கை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள்: நீலம் மங்கிப் பழுப்போ சாம்பலோ தெரியும். (கையைக் கழுவ மறக்காதீர்கள்.) அந்தக் கிளிகளில் பச்சை நிறத்தவையும் உண்டு. அவற்றின் இறகிலும் இதே நீல அமைப்புதான். கூடவே மஞ்சள் நிறமி சேர்வதால் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சளை இழந்த கிளிதான் நீலக் கிளி.

மீண்டும் நம் ஈப்பிடிப்பானுக்கு வருவோம். இது பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பல வேளைகளில் மற்றச் சிறு பறவைகளோடு கூட்டமாக இரை தேடும். சிறு கிளைக் கவட்டில், சிலந்தி நூலால் இறுக்கிய கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டும். மரநிழல் வேண்டிய இப்பறவைக்கு, காட்டை அழித்து நட்ட செம்பனை வரிசைகள் ஈடாவதில்லை.

அடுத்த முறை காட்டுக்குப் போனால், பறவைக் கூட்டத்தின் கீச்சொலி கேட்டதும் அப்படியே நில்லுங்கள். அடர்ந்த நிழலில் இது வெறும் கருநிழலாகத்தான் தெரியும். இலைகளின் இடுக்கில் விழும் வெயிலுக்கு வரும் வரை காத்திருங்கள்.