ஒன்பதாம் வகுப்பு எவ்வளவு தூரம்?

திண்டுக்கல் என்றவுடன் மலைக்கோட்டையும் பூட்டும் புகையிலையும் நம் நினைவிற்கு வருகின்றன. நகரை விட்டு வடக்கே வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் சென்றால் வானம் பார்த்த பூமியும், எட்டி எட்டி அமைந்த சிற்றூர்களும், இடையிடையே நூற்பாலைகளும் காணப்படும். இச்சமவெளியில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு சிறுமியின் வருங்காலத்தை வரையறுப்பது அவளுடைய அறிவு மட்டுமன்று. ஒன்பதாம் வகுப்பு எவ்வளவு தொலைவில் இருக்கின்றது என்பதும் ஆகும்.

அமெரிக்க நாட்டில் பல இடங்களில் 'கவுண்டி' என்னும் வட்டாரத்திற்கென ஒரு கல்வி வாரியம் உண்டு. வீடு, நிலம் முதலியவற்றின் மீது விதிக்கும் வரியின் துணைகொண்டு அவ்வாரியம் உயர்நிலைப் பள்ளிகளை நடத்துகின்றது. நம் நாட்டிலும் இதனை ஒருவாறு ஒத்த ஏற்பாடு இருந்தது. அதுவே ஜில்லா போர்டு. நிலவரியுடன் சேர்த்து வாங்கிய செஸ் முதலிய வருவாயைக் கொண்டு சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றை அது பேணி வந்தது. எனினும் போர்டு உயர்நிலைப் பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் சம்பளம் கட்டிப் படிக்கவும் வேண்டும். ஏழைக் குடியானவனின் பிள்ளைக்குத் தூரம், பணம் என்னும் இரு தடைகள் எதிரே நின்றன.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் விளங்கிய காமராசர் காலத்தில் இவ்விரு தடைகளையும் தகர்க்கும் முயற்சி தொடங்கிற்று. ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பது அன்றைய குறிக்கோள். இலவசக் கல்வியும் படிப்படியாக விரிந்தது. 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் ஜில்லா போர்டுகள் மறைந்தன. தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்தன. உயர்நிலைப் பள்ளிகளை 1970-இல் அரசே ஏற்றது. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தோன்றியபின், பத்தாம் வகுப்போடு நிற்பது உயர்நிலைப் பள்ளி, பன்னிரண்டு வரை செல்வது மேல்நிலைப் பள்ளி என்றாயிற்று. மதுரையிலிருந்து 1985-இல் பிரிந்த திண்டுக்கல் மாவட்டம் இம்முறையையே பெற்றது.

ஐந்து மைல் என்பது எட்டுக் கிலோமீட்டர். போக வரப் பதினாறு. 2009-இல் மத்திய அரசு வகுத்த இடைநிலைக் கல்வித் திட்டம் அதனை ஐந்து கிலோமீட்டராகச் சுருக்கியது. ஆயினும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பேருந்து வரும் சிற்றூரில், அது தவறிய நாளன்று ஐந்து கிலோமீட்டரும் நெடுந்தொலைவே.

இங்கே சட்டத்தின் இடைவெளி ஒன்றையும் நாம் உணர்தல் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே உரியது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பதினான்கு வயது நிரம்பியோர் அபாயமற்ற தொழிலில் ஈடுபடத் தடை கூறவில்லை. கல்வியின் கட்டாயம் முடியும் வயதிலேயே வேலையின் கதவு திறக்கின்றது. தோட்டத்தில் பூப்பறிக்கவோ வெங்காயம் அரியவோ ஆள் தேவை, வீட்டிலோ கடன். அத்தருணத்தில் பள்ளி அருகில் இருந்தால் பெற்றோர் தயங்குவர். தொலைவில் இருந்தால் துணிந்து நிறுத்திவிடுவர்.

ஆதலின் ஒரு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவது பெயர்ப்பலகையை மாற்றும் செயலன்று. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்னும் ஐந்து பாடங்களுக்கும் தகுந்த பட்டதாரி ஆசிரியர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பிடமும் தண்ணீரும் வேண்டும். கணித ஆசிரியர் இல்லாத பள்ளி கண்முன்னே நின்றாலும் தொலைவில் உள்ளதே யாகும்.

ஜில்லா போர்டு போய்விட்டது. ஊராரின் பொறுப்புப் போய்விடவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். அக்குழுவின் கூட்டத்திற்குச் செல்லும் ஒவ்வொரு தாயும் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் இன்று ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர்? விடையில் ஒரு பெயர் குறைந்தாலும், அப்பிள்ளையின் வீட்டிற்கு அன்று மாலையே நால்வர் சென்று வருவது ஊரின் கடமையாகும்.