ஆக்கநிலையுறுத்தல்: கருத்தும் கலைச்சொல்லும்

உளநூலில் கற்றலைப் பற்றிப் பயில்வார் முதற்கண் எதிர்கொள்ளும் கருத்துகளுள் ஒன்று, தமிழ்ப் பாடநூல்கள் ‘ஆக்கநிலையுறுத்தல்’ என வழங்குவதாகும். கலைச்சொல் கருத்தை விளக்கவும் கூடும், மறைக்கவும் கூடும். இச்சொல் தன் கருத்தினை எத்துணை விளக்குகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உருசிய உடலியலறிஞர் இவான் பாவ்லவ் (1849-1936), செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர்தம் ஆய்வுக்கூடத்து நாய்கட்கு, உணவு வாயிற் படுமுன்னரே உமிழ்நீர் சுரந்தது. வாயிற்பட்ட உணவுக்குச் சுரத்தல் பிறவியில் அமைந்தது. ஆதலின் உணவு இயற்கைத் தூண்டல், சுரப்பு இயற்கைத் துலங்கல். தாளமானியின் ஒலிக்கு அவ்வாற்றல் இயல்பாக இல்லை. ஒலி எழுப்பி அடுத்து உணவளித்தலைப் பன்முறை செய்தபின், ஒலி மட்டுமே உமிழ்நீரை வரவழைத்தது. இவ்வாறு புதிதாய்த் தோன்றிய துலங்கலைப் பாவ்லவ் ‘உஸ்லோவ்னி’ என்னும் அடைமொழியாற் குறித்தார்.

அவ்வுருசியச் சொல்லுக்கு ‘நிபந்தனையைச் சார்ந்தது’ என்பது பொருள். ‘உடன்பாட்டால் அமைந்தது’ என்னும் பொருளும் அதற்குண்டு. நம் இலக்கணத்தார் கூறும் இடுகுறியை இது நினைவூட்டும். ஆங்கிலத்தில் நிலைத்த ‘கண்டிஷன்டு’ என்பதோ செயப்பாட்டு எச்சம். 1927-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு நூலின் தலைப்பிலும் அதுவே உள்ளது. அதன் வழிப்பட்ட தமிழ்ச்சொல்லும், ஒருவன் ஆக்க, ஒன்று ஆக்கப்பட்டு, செயல் முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தைத் தருகின்றது.

ஆய்வின் முடிவுகள் அவ்வெண்ணத்திற்கு இயையவில்லை. உணவின்றி ஒலியை மட்டும் பன்முறை எழுப்பின் துலங்கல் படிப்படியாக மறையும். இது மறைவு எனப்படும். சிறிது காலம் இடைவிட்டு மீண்டும் ஒலிப்பின், மறைந்தது ஓரளவு தானே மீளும். ஆகவே அது நிலைத்ததும் அன்று, அழிந்ததும் அன்று. ஒத்த ஒலிகட்கும் துலங்கல் எழுதல் பொதுமையாக்கம். அவற்றுள் உணவோடு வருவதற்கு மட்டும் எழுதல் வேறுபடுத்தல். ஓர் ஆய்வில் வட்டத்திற்குப்பின் உணவும், நீள்வட்டத்திற்குப்பின் உணவின்மையும் வைத்தனர். நீள்வட்டத்தை வட்டத்தோடு நெருக்கி, அச்சுகளின் விகிதம் 9:8 ஆகியபோது நாய் வேறுபடுத்தமாட்டாது கலங்கியது; முன்னர்க் கற்ற எளிய வேறுபாடுகளையும் இழந்தது.

1968-இல் ராபர்ட் ரெஸ்கோர்லா வெளியிட்ட எலி ஆய்வு இன்னும் தெளிவானது. ஒலியோடு மின்னதிர்ச்சி வருமளவே, ஒலியில்லாப் பொழுதும் வருமாயின், ஒலிக்கு அச்சம் எழவில்லை. இரண்டும் உடன்நிகழ்தல் மட்டும் போதாது. ஒன்று மற்றொன்றை முன்னறிவித்தல் வேண்டும். எனவே, சார்பே இதன் உயிர்நிலை என்க.

பாடநூலில் வேரூன்றிய சொல்லை மாற்றின் மாணாக்கர் இடர்ப்படுவர் என்பார் கூற்றும் ஏற்கத்தக்கதே. ஆதலின் நிகழ்ச்சியின் பெயர் அவ்வாறே நிற்க. அதன் உறுப்புகளைச் ‘சார்புத் தூண்டல்’, ‘சார்புத் துலங்கல்’ என வழங்கலாம் என்பது நம் கருத்து. இடுகுறியோடு கண்ட ஒப்புமையையும் எல்லை கடந்து கொள்ளலாகாது: இடுகுறி மக்கள் வழக்கால் நிற்பது, இஃது ஓருயிரின் பட்டறிவால் நிற்பது. கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலச் சொல்லோடு அமையாது மூலச்சொல்லையும் நோக்குதல் வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.