பூட்டிய வீட்டில் பகல் முழுக்க ஒரு நாய்

தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள பழைய கடைத்தெருவைத் தாண்டினால் நாலாபுறமும் தாமான்கள்தான். வரிசை வீடுகள், வீட்டுக்கு வீடு இரும்புக் கேட், கேட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம், பல வீடுகளில் அங்கே ஒரு நாய். காலை எட்டு மணிக்கு மேல் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போய்விடுகிறார்கள். நாய் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது, செருப்பைக் குதறுகிறது, கூடத்தில் மூத்திரம் பெய்து வைக்கிறது. சாயங்காலம் அதற்குத் திட்டு விழுகிறது, சில வீடுகளில் அடியும் விழுகிறது. அக்கம்பக்கத்தார் இரண்டு முறை வந்து முறையிட்டால் நாயை யாருக்காவது தள்ளிவிடுகிற யோசனை வந்துவிடுகிறது. நாய்க்குக் குணம் சரியில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று வீட்டார் தங்களுக்குள் காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. தனியாக இருப்பது நாய்க்குப் பிறவியில் வருவதில்லை, பழக்கினால் வருவது. அதைப் பழக்கியவர் யாரும் இல்லை.

“தோட்டத்தில் நாங்கள் வளர்க்காத நாயா? அதற்கெல்லாம் யார் பயிற்சி கொடுத்தது?” என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தோட்டத்து நாய் எப்போது தனியாக இருந்தது? விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களோடு அதுவும் கிளம்பும், பால்மரக் காட்டில் நிரைக்கு நிரை பின்னாலேயே அலையும். போகாத நாய் லயத்து வாசலில் படுத்துக் கிடக்கும். ஆயாக் கொட்டகையில் குழந்தைகள், திண்ணையில் பாட்டிகள், அடுத்த கதவில் இன்னொரு குடும்பம் என்று அதைச் சுற்றி ஆள் இருந்துகொண்டே இருக்கும். சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கமாட்டார், ஆனால் யாருமே இல்லாத வேளை அதற்கு வாய்த்ததில்லை. அது சொர்க்க வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. தடுப்பூசி கண்டிராத நாய்கள்தான் அதிகம், லாரியில் அடிபட்டவையும் உண்டு. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, சனங்கள் டவுனுக்குக் குடிவந்தார்கள். நாயும் கூடவே வந்தது. அதைச் சூழ்ந்திருந்த ஆள் நடமாட்டம் வரவில்லை. மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் வாழ்ந்த விலங்கு அது. எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் கிடப்பது அதன் வரலாற்றில் நேற்று வந்த சங்கதி.

சரி, அது தனிமைக்குப் பயந்துதான் இப்படிச் செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம், செய்தது தப்பென்று அதற்கே தெரிகிறதே, நாம் உள்ளே நுழைந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்குகிறதே என்பார்கள். இதை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தொடக்கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா, தின்னவில்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எசமானர் திட்டும்போது அந்த முகம் வந்தது. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. அதாவது நாய் நம் முகத்தையும் குரலையும் பார்த்துப் பணிந்து போகிறது. மூன்று மணி நேரத்துக்கு முன் கடித்த செருப்புக்காக இப்போது அடித்தால், ஆள் திரும்பி வருவதே ஆபத்து என்று அது கற்றுக்கொள்ளும். ஏற்கெனவே ஆள் போவதற்குப் பயந்த நாய் இனி வருவதற்கும் பயப்படும்.

ஆகவே முதல் வேலை, நாம் இல்லாதபோது என்னதான் நடக்கிறது என்று பார்ப்பது. பழைய கைப்பேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்துப் பதிவுசெய்தால் போதும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த 2,700க்கும் அதிகமான நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம், பிரிவுத் துயரம் என்று ஒரே நோய் கிடையாது என்பதுதான். வெளியே போக முடியாத எரிச்சல், வெளிச்சத்தத்துக்குப் பதறுவது, வெறும் சலிப்பு என்று காரணங்கள் வேறு வேறு. கிளம்பிய சில நிமிடங்களிலேயே நாய் கதவருகே மூச்சிரைத்து ஊளையிட்டால், அதைப் பிரிவுப் பயம் என்று கொள்ளலாம். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து மெத்தையைக் கிழித்தால் சலிப்பாக இருக்கக்கூடும். நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. ஹிலிர் பேராக்கில் மத்தியான வெயில் முற்றிய பிறகு வானம் இருண்டு இடி இறங்குவது வாடிக்கை. பெரும்பாலான வீடுகளில் ஆள் இல்லாத நேரம் அது. தகரக் கூரைக்கடியில் ஒரு நாய் தனியாக அந்த இடியைச் சில முறை தாங்கிவிட்டால், தனிமையும் இடியும் அதன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். இடிக்கு அஞ்சும் நாய்களில் பிரிவுப் பயமும் சேர்ந்து காணப்படுவதை விலங்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தீபாவளியும் சீனப் புத்தாண்டும் வெடிக்குக் குறை வைப்பதில்லை. அப்படிப்பட்ட நாய்க்குக் கார் நிறுத்தும் இடத்தைவிட வீட்டுக்குள் ஜன்னல் சாத்திய ஓர் அறையும் ஓடும் காற்றாடியும் பாதிச் சிகிச்சை.

பழக்கம் போனால் தனிமை திரும்பவும் அந்நியமாகிவிடும் என்பதற்குப் பெருந்தொற்றுக் காலம் சாட்சி. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18 மார்ச் 2020 அன்று தொடங்கியது. அதே ஆண்டு பிரிட்டனில் 1,807 நாய்களை வளர்ப்பவர்களிடம் நடத்திய ஆய்வில், பிரிவுப் பயத்தின் அறிகுறி காட்டிய நாய்களின் பங்கு பிப்ரவரியில் 22.1 விழுக்காடாக இருந்து அக்டோபரில் 17.2 ஆகக் குறைந்தது. ஆட்கள் வீட்டில் இருந்தார்கள், ஆகவே அது எதிர்பார்த்ததுதான். உள்ளே இருந்த இன்னொரு கணக்குதான் கவனிக்க வேண்டியது. முன்பு தொல்லையே தராத நாய்களில் பத்தில் ஒன்றுக்குப் புதிதாக அறிகுறிகள் முளைத்திருந்தன. தனித்திருக்கும் நேரம் யாருக்கு மிக அதிகமாகக் குறைந்ததோ அந்த நாய்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது.

பழக்கும் முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. பொறுமை மட்டும் வேண்டும். மோட்டார் சாவி குலுங்கும் ஓசை, ஹெல்மெட், காலணி, கைப்பை எல்லாம் நாய்க்கு அபாய மணி. முதலில் அந்த மணியின் நாக்கைப் பிடுங்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுங்கள். நாய் அதைச் சட்டை செய்யாத நிலை வந்தபின் கதவுக்கு வெளியே பத்து வினாடி நின்றுவிட்டு, அது முனகத் தொடங்குமுன் திரும்புங்கள். பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், மறுபடி பத்து வினாடி என்று ஏற்றியும் இறக்கியும் போக வேண்டும். நேரம் நீண்டுகொண்டே போனால் நாய் அதையும் கணித்துவிடும். முனகினால் அன்றைய அளவு அதிகம் என்று பொருள், மறுநாள் குறையுங்கள். கிளம்பும்போது ரப்பர்ப் பொம்மைக்குள் சோறும் மீனும் திணித்து உறையவைத்துக் கொடுக்கலாம். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. நீங்கள் போன பின் அந்தத் தீனியைத் தொடாத நாய் பயந்திருக்கிறது என்று அறியலாம். கிளம்புமுன் நாயைத் தொடவே கூடாது என்று ஓர் அறிவுரை எங்கும் உலவுகிறது. இத்தாலியில் 10 நாய்களை வைத்து நடந்த, 2018இல் வெளியான ஆய்வில், மூன்று நிமிடப் பிரிவுக்கு முன் சற்றே தடவிக் கொடுக்கப்பட்டவை அமைதியாகவே இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும் என்ற கண்டிப்புக்கு அந்தளவு ஆதாரம்கூட எனக்குத் தெரிந்து இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதுதான் கனமான ஆட்சேபம். பத்து வினாடி பழகும் நாயை மறுநாள் ஒன்பது மணி நேரம் விட்டுப்போனால் பழகியது பாழ். முழுத் தீர்வு இதற்கு இல்லை, ஆனால் நம் குடும்பங்களில் வழி உண்டு. பாட்டி வீடோ, பணி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அங்கிளோ சில வாரம் பகலில் நாயை வைத்துக்கொண்டால் லயத்தில் இருந்த ஏற்பாடு ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. இன்னொரு நாய் வாங்கிவிட்டால் சரியாகும் என்பது அவ்வளவு நம்பத்தக்க யோசனை அல்ல. பாஸ்டன் பகுதி ஆய்வாளர்கள் பிரிவுப் பயம் உள்ள 200 நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் வேறு விலங்கு இருப்பதற்கும் பிரிவுப் பயத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. செல்லம் கொடுப்பதற்கும் தெரியவில்லை. பல நாய்கள் ஏங்குவது ஆளுக்காக.

நாயைக் கட்டிப்போடுவது சத்தத்தைக்கூட நிறுத்தாது, கேட்டைப் பிய்ப்பதற்குப் பதிலாக அது சங்கிலியில் கழுத்தை அறுத்துக்கொள்ளும். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்கின் தேவைகளைக் கவனிப்பதை உரிமையாளரின் கடமை ஆக்கியிருக்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். எத்தனை மணி நேரம் விட்டுப்போகலாம் என்பதற்கு, வீட்டுக்குள் வைத்திருக்கும் நாயைப் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற சுவீடன் நாட்டு விதி நல்ல அளவுகோல். மதிய உணவு இடைவேளையில் ஒரு நடை வீட்டுக்கு வந்துபோவது தெலுக் இந்தான் அளவுள்ள ஊரில் நடக்கிற காரியம். கோலாலம்பூரில் அது கனவு.

இவ்வளவும் செய்தும் பல்லும் நகமும் உடையுமளவுக்குக் கதவோடு போராடும் நாய்கள் உண்டு. அவற்றுக்கு மருந்து கேட்பது பணக்கார வீட்டு ஆடம்பரம் அல்ல. பிரிவுப் பயத்துக்கென்றே குளோமிப்ரமைன் 1998இலும் ஃபுளுவோக்செடின் 2007இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், பயிற்சியோடு சேர்த்தால்தான் பலன். மனிதருக்கு எழுதிய மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் மட்டும் கூடாது, விலங்கு மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். இந்த நிலை வராமல் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. புதிதாகக் குட்டி கொண்டுவரும் குடும்பங்கள் பெரும்பாலும் நீண்ட பள்ளி விடுமுறையில்தான் கொண்டுவருகின்றன. பிள்ளைகள் மடியிலிருந்து அதை இறக்குவதே இல்லை. பள்ளி திறக்கும் திங்கட்கிழமை வீடு ஒரேயடியாகக் காலியாகும். விடுமுறை முடிய மூன்று வாரம் இருக்கும்போதே, வீட்டில் ஆள் இருக்கிற நாளிலேயே, குட்டியை அடுத்த அறையில் ஐந்து நிமிடம் தனியே விடத் தொடங்கிவிட வேண்டும்.