கீசரில் அடிக்கடி உப்பு அடைப்பா? சிப்காட் பாய்லர் சொல்லித்தரும் பாடம்!

காலை ஐந்தரை மணி. ஆறு மணி ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். கீசர் சுவிட்சைப் போட்டு இருபது நிமிடங்கள் ஆகிவிட்டன. குழாயைத் திறந்தால் வெந்நீர் நூல்போல வருகிறது. அரை வாளி நிறைவதற்குள் அதுவும் ஆறிப்போகிறது. போன வருடம்தான் காயில் மாற்றினார்கள். அதற்கு முந்தைய வருடமும் மாற்றினார்கள்.

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் போர்வெல்லை நம்பியிருக்கும் பல வீடுகளில் இது பழகிப்போன காட்சி. கேட்டால், ``உப்புத் தண்ணி... என்ன பண்றது?'' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால், அதே ஆள் வேலைக்குப் போகும் தொழிற்சாலையில் பெரிய பாய்லர் ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். ஊர்த் தண்ணீர் எப்படி இருந்தாலும், அது அப்படியே பாய்லருக்குள் போவதில்லை. அங்கே எடுக்கும் கவனிப்பில் பத்தில் ஒரு பங்கை வீட்டு கீசருக்குக் கொடுத்தாலே, வருடாவருடம் வரும் இந்தச் செலவைப் பெருமளவு தவிர்க்கலாம். செலவைவிடப் பெரிய ஆபத்து ஒன்றையும் தவிர்க்கலாம்.

அந்த வெள்ளைப் படிவம் என்ன?

`உப்பு' என்று சொன்னாலும் அது சமையல் உப்பு அல்ல. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சொந்தக்காரர். நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைச் சூடாக்கியதும் அது உடைந்து, கரையாத சுண்ணாம்பாக மாறும். எந்த இடம் அதிகமாகச் சூடாகிறதோ, அங்கேதான் அதிகமாக ஒட்டும். கீசரில் அந்த இடம் காயில்.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவுக்கு இந்தச் சுண்ணாம்பு உள்ள தண்ணீரில், தினமும் 60 லிட்டர் சூடாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் கீசர் வழியாகப் போகும் சுண்ணாம்பு சுமார் ஆறரைக் கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். அதில் உடைந்து கிளம்பும் சில்லுகள்தான் ஷவர் துளையிலும் குழாய் முனையின் வலையிலும் போய் அடைக்கின்றன. இன்று ஷவரைச் சுத்தம் செய்தாலும் அடுத்த வாரமே மீண்டும் அடைப்பதற்குக் காரணம் இதுதான். அடைப்பு தெரியும் இடம் ஷவர். பிறக்கும் இடம் கீசர்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லை என்றால் 600 வரை அனுமதி. குடிக்க அனுமதிக்கப்பட்ட அந்த 600, கீசருக்குத் தாங்காது.

மீஞ்சூர் பக்கம் இன்னொரு சிக்கல்

ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளில் உள்ள மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்கள் பல ஆண்டுகளாகச் சென்னைக்குத் தண்ணீர் கொடுத்தவை. விவசாயம், குடிநீர், தொழிற்சாலை என எல்லாத் தேவைக்கும் நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டதில், மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது. பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவுசெய்துவரும் விஷயம் இது.

கடல்நீர் கலந்த நிலத்தடி நீரில் குளோரைடு அதிகம். சுண்ணாம்பு படிந்து அடைக்கும் என்றால், குளோரைடு உலோகத்தை அரிக்கும். அதனால் இந்தப் பக்கத்துக் கீசர்களுக்கு இரட்டை அடி. காயிலின் உறை அரித்து விரிசல் விட்டால், தண்ணீரில் மின்சாரம் கசியும். டிரிப் ஆவது தொல்லை என்று நினைக்காதீர்கள், அது எச்சரிக்கை.

கரன்ட் பில்லைவிடப் பெரிய விஷயம்

உப்பு படிந்தால் கரன்ட் பில் எகிறும் என்பதுதான் பலருடைய பயம். உண்மையில், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலின் சூடு மெதுவாகவாவது தண்ணீருக்குத்தான் போகும். அசல் பிரச்னை காயிலுக்கே. மேலே போர்வை போர்த்தியதுபோல் படிவம் மூடுவதால், சூட்டை வெளியே விட முடியாமல் காயில் தானே கருகுகிறது.

அதைவிட முக்கியம், கீசரின் அடியில் குளிர்நீர் நுழையும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அது விரிந்து சுமார் 350 மில்லி கூடுகிறது. வந்த வழியே திரும்ப முடியாமல் வால்வு தடுப்பதால், அழுத்தம் ஏறும்போது அந்தக் கூடுதல் நீரை வால்வே சொட்டுச்சொட்டாக வெளியேற்றும். இந்த வால்வில் உப்பு அடைத்தால் அழுத்தம் போக வழியில்லை. தெர்மோஸ்டாட்டும் பழுதானால் டேங்க் வெடிக்கக்கூடும். `சொட்டுகிறதே' என்று எம்சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. அந்தத் தவற்றை மட்டும் செய்யவே கூடாது.

தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்?

பாய்லருக்குப் போகும் தண்ணீர் முதலில் சாஃப்ட்னர் வழியாகப் போகும். அதில் உள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். கடினத்தன்மை ஏறக்குறைய பூஜ்யம் ஆகும். தண்ணீரை அடிக்கடி பரிசோதிப்பார்கள். அடியில் சேரும் கசடை `புளோ டவுன்' செய்து வெளியேற்றுவார்கள். தகுதிச் சான்று பெற்ற அட்டெண்டன்ட் இருப்பார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்து சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 1923-ம் ஆண்டு சட்டம் சொன்னதும் இதைத்தான். அதற்குப் பதிலாக வந்திருக்கும் 2025-ம் ஆண்டு பாய்லர் சட்டம் சொல்வதும் இதைத்தான்.

100 டிகிரிக்குக் கீழே நீரைச் சூடாக்கும் கலன்கள் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆக, வீட்டு கீசருக்கு இன்ஸ்பெக்டரும் அட்டெண்டன்ட்டும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்: பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கெட்டிலில் வெள்ளை படியும்... இவை வீட்டுப் பரிசோதனை. டி.டி.எஸ் மீட்டர் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. அதற்கென்று உள்ள கிட் வாங்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தியும் பார்க்கலாம்.

* சூட்டைக் குறையுங்கள்: சூடு ஏற ஏறப் படிவமும் கூடும். திருகை முழுவதும் திருப்பி வைக்காமல், 55 முதல் 60 டிகிரிக்குள் வைத்தால் குளிக்கப் போதும்.

* வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள்: தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. டெக்னீஷியன் வரும்போது காயிலோடு நிறுத்தாமல், அடிக்கசடு, சேஃப்டி வால்வு, மெக்னீசியம் ராடு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ராடு டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்காகவே வைக்கப்பட்டது. கரைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

* ஆசிட் வேண்டாம்: செப்புப் பாய்லரைப் பாட்டி புளி போட்டுத் தேய்த்த காலம் நினைவிருக்கிறதா? அதே புளிப்பு வேலைதான் இங்கேயும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் (எலுமிச்சை உப்பு) கரைத்து, கழற்றிய காயிலின் உலோகப் பகுதியை மட்டும் ஊறவைத்தால் படிவம் இளகும். மின்இணைப்பு முனைகள் நனையக் கூடாது. ஷவர் தலைக்கும் இதுவே போதும். கழிப்பறை ஆசிட் உலோகத்தையும் சேர்த்துத் தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

* சாஃப்ட்னரை யோசித்து வாங்குங்கள்: குளியலறைக்குப் போகும் லைனுக்கு மட்டும் வைத்தால் போதும். கடினத்தன்மை குறையும் அளவுக்கு நீரில் சோடியம் கூடும் என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம். ரெசினைக் கழுவி வரும் உப்புநீரைச் செடிக்கோ கிணற்றோரமோ விடாதீர்கள்.

* காந்தக் கருவி வாங்கும் முன்: குழாயில் மாட்டும் காந்தம் கால்சியத்தை நீக்குவதில்லை. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கிட்டில் பார்த்தால் அளவு அப்படியே இருக்கும்.

* ஆர்.சி.சி.பி கட்டாயம்: 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி, சரியான எர்த் இரண்டும் இல்லாமல் உப்புத் தண்ணீர் வீட்டில் கீசர் ஓடக் கூடாது. வேலை பார்க்கும் முன் மெயினை அணையுங்கள். வேலை முடிந்ததும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலி டேங்கில் காயில் ஓடினால் அன்றே கருகிவிடும்.

நீண்டகாலத் தீர்வு கூரையில் இருக்கிறது. மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. 2003-ல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டியை மழைக்காலத்துக்கு முன் தூர்வாரி வைத்தால், போர்வெல்லுக்குள் நல்ல தண்ணீர் இறங்கும். உப்பு ஒரே வருடத்தில் குறைந்துவிடாது. ஆனால், தெருவே சேர்ந்து செய்தால் பலன் தெரியும்.

அதுவரை ஒரு எளிய வேலை. கீசரின் பக்கவாட்டில் மார்க்கரால் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியை எழுதி வையுங்கள். பாய்லருக்குச் சான்றிதழ் இருப்பதுபோல, கீசருக்கு அந்தத் தேதி. வருடம் கடந்துவிட்டதென்றால், காயில் கருகும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே டெக்னீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.