சண்டித்தனம்: ஒரு சொல்லின் இரு பொருள்கள்

ஒருவரது நடத்தையை முறைகேடானதெனச் சுட்டும் ஒவ்வொரு சொல்லினுள்ளும், மீறப்பட்டது எவரது முறைமை என்னும் வினா மறைந்து கிடக்கின்றது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைத் தோட்டப்புறங்களில் வழங்கும் 'சண்டித்தனம்' என்ற சொல்லை இந்நோக்கில் ஆராய்தல் பயன் தரும்.

இச்சொல்லுக்கு இரு பொருள்கள் உள. நுகத்திற் பூட்டியதும் படுத்துக்கொள்ளும் எருது 'சண்டி மாடு' எனப்படும். அது எவரையும் முட்டுவதில்லை; இழுக்க மறுக்கின்றது, அவ்வளவே. ஈண்டுச் சண்டித்தனம் என்பது இணங்காமை. மற்றைய பொருள் 'சண்டியன்' என்ற சொல்லிற் புலப்படுவது. உடல் வலியால் ஊரை மிரட்டித் தன் எண்ணத்தைப் பிறர்மீது சுமத்துபவன் சண்டியன். சிங்களத்திலும் 'சண்டியா' என்னும் சொல் இப்பொருளில் உண்டு. முன்னையது மறுப்பு, பின்னையது வன்முறை.

இவற்றுள் முதற்பொருள் வண்டிக்காரனின் நிலைநின்று பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. பாரம் மிகுதியா, நுகம் கழுத்தை அறுத்ததா என்பன அச்சொல்லில் இடம்பெறவில்லை. மாட்டுக்குரிய இச்சொல் தொழிலாளிமீது ஏற்றப்படுகையில் வண்டிக்காரனின் பார்வையும் உடன் ஏறிவிடுகின்றது.

சட்டமும் இப்பார்வையையே கொண்டிருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், வேலைக்கு வர மறுத்தலையும் கட்டளைக்குப் பணியாமையையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கிற்று. அத்தண்டனை விதிகள் 1920களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. எனினும், பிரட்டுக்களத்தில் அரைப்பேர் போடும் அதிகாரம் நீங்கவில்லை. சட்டம் கைவிட்ட தண்டனையைக் கூலிக்கணக்கு ஓரளவு தொடர்ந்தது எனலாம்.

1940இல் மலையகமெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். துரை அச்சபையுடன் கலந்தே கருமமாற்ற உடன்படவேண்டியதாயிற்று. தோட்ட நிருவாகத்தின் கண்ணில் இது ஒழுங்கின் சிதைவு. தொழிலாளர் நிலைநின்று நோக்கின், அதுவரை அங்கு நிலவாத ஓர் ஒழுங்கின் தோற்றம்.

சண்டியனின் முகத்தை ஊவாத் தமிழர் கண்டது வேறொரு வேளையில். 1983 யூலையில் பதுளை நகரில் அவர்தம் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. 2018 டிசம்பரில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா கோரித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். எரித்தவனையும் வேலைக்கு இறங்காதவனையும் ஒரே சொல்லாற் குறிக்க மொழி இடந்தருகின்றது. அவ்விடைவெளியிலேதான் ஆதிக்கக் கருத்துநிலை தொழிற்படுகின்றது: மறுப்பவன்மீது வன்முறையாளனின் பழி விழுகின்றது.

ஆகவே 'சண்டித்தனம்' என்ற சொல் காதில் விழுந்ததும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இங்கு யாரேனும் முட்டப்பட்டார்களா, அன்றி வண்டி மட்டுந்தான் நின்றதா? இவ்வினாவுக்கு அகராதி விடை தராது. சொல்பவர் எங்கு நிற்கின்றார் என்பதே விடை தரும்.